ஆண் சிலந்தி வந்த நேரம்

காட்டுக்குப் போகிறவன் முதலில் எடுத்துவைக்க வேண்டியது உப்பு. அட்டை ஏறினால் அன்றைய வேலை கெட்டது. அன்றும் ரூபினியிடம் ஒரு பொட்டலம் உப்பு கொடுத்தேன், இன்ஸ்பெக்டர். அவள்மேல் எனக்கு அக்கறை இல்லை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

நான் சிலந்திகளை ஆராய்கிறவன். கோத்தா திங்கி ஊருக்கு அப்பால் காட்டில், ஓடைக்கரை மரவேர்களுக்கு நடுவே, யாரும் பதிவு செய்யாத ஒரு சிலந்தியைக் கண்டேன். பெண் சிலந்தி. கட்டுரை எழுதி அனுப்பும்போதெல்லாம் திருப்பிவிடுவார்கள்: ஆண் எங்கே? ஆணின் வாயோரத்துக் குட்டிக் கைகளைப் பார்த்தால்தான் புதிய இனம் என்று ஒப்புக்கொள்வார்களாம். மழையில் நனைந்து தேடினேன், காய்ச்சலில் விழுந்தேன், எழுந்து மறுபடி போனேன். வாயருகே வந்த கவளத்தை யாரோ தட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி எரியும்? அப்படி எரிந்தது எனக்கு, வருடக்கணக்காக.

என் உதவியாளர் ரூபினி, ரெங்கம் ஊர்ப் பெண். வாய்த்துடுக்கு. "ஒங்க சிலந்திக்கு மாப்பிள்ளையே கெடைக்காது சார். பேசாம பேப்பர்ல மணமகன் தேவைன்னு போட்டுருங்க லா" என்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

அன்று மாலை மேலே எங்கோ நல்ல மழை. ஓடையைத் தாண்டும்போது அவள் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நான் கரையில் அந்தப் பெண் சிலந்தியின் வலைக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்துத்தான் ஆண் வந்தது. ஓர் அரிசி அளவுகூட இல்லை. வலையோரத்தில் நின்று ஓர் இழையை மெல்லச் சுண்டியது.

"சார், காலு மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறுது. சீக்கிரம் வாங்க சார்."

சருகு சரசரத்தால் அது ஓடிவிடும். "கொஞ்சம் இரும்மா" என்றேன், வலை அதிராத அளவுக்கு மெதுவாக. அவள் காதில் விழுந்திருக்காது.

ஆண் தயங்கியது. பின்வாங்கியது. மறுபடி சுண்டியது. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் நான் பொறுத்திருக்கிறேன், அவளால் சற்று நேரம் பொறுக்க முடியவில்லை. ஆணைக் குப்பியில் பிடித்து மூடிவிட்டுத் திரும்பினேன். ஓடையில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வழுக்கி விழுந்து அடித்துச் செல்லப்பட்டாள் என்று உங்களிடம் சொன்னேன். கட்டுரையோடு அனுப்பிய வீடியோவில் ஒலியை நீக்கினேன். மூலப் பதிவை மட்டும் அழிக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவன் மூலத்தில் கைவைக்க மாட்டான். அதைத்தான் இப்போது போட்டுக் காட்டினீர்கள். ஆமாம், அது அவள் குரல்தான். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம், கயிறும் என் பையில் இருந்தது. நான் போகவில்லை.

ஆனால், அவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்கிறீர்களே, அது தவறு. எங்கள் துறையில் கண்டுபிடித்தவன் தன் பெயரைச் சூட்டிக்கொள்வதில்லை. தான் மதிக்கிற ஒருவரின் பெயரை வைப்பான். அந்தச் சிலந்திக்கு நான் ரூபினியின் பெயரைத்தான் வைத்தேன், மறைந்தவரின் நினைவாக. யாரும் சொல்லி வைத்த பெயர் இல்லை அது. அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அதை முடிவு செய்துவிட்டேன்.