மெஷினுக்கு ஒரு தலையணை உறை

— நில்லுங்க அத்தை, கீழ இறங்காதீங்க. முதுகுக்குப் பின்னால என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?

— ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. துணி காயப்போட வந்தேன். நீங்க செவ்வாய்க்கிழமைதானே வருவீங்க? இன்னிக்குத் திங்களாச்சே...

— அதனாலதான் இன்னிக்கு வந்தேன். காட்டுங்க.

— தலையணை உறை. போதுமா?

— படியேறும்போதே பாத்துட்டேன். தூசி அளக்குற மெஷினுக்குத் தலையில மாட்டியிருந்தீங்க.

— என்னமோ போங்க. விலை ஒசந்த சாமான், வெட்டவெளியில கிடக்கு. தூசி படாம இருக்கட்டுமேன்னு...

— தூசி படணும்னுதானே எங்க மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேருந்து அதை இங்க வச்சிருக்கோம்! அது காத்தை உறிஞ்சும். உள்ள இருக்குற தாள்ல தூசி படியும். அந்தத் தாளை எடை போட்டுத்தான் நாங்க கணக்கு எடுக்குறோம்.

— அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நான் ஒரு மக்கு.

— முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்துட்டு மக்காம்!

— சரி, கையும் களவுமா பிடிச்சாச்சு. இப்ப என்னங்குறீங்க?

— ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?

— ஏனா? என் பொண்ணு இழுப்புக்கு நல்ல காத்து வேணும்னு டாக்டர் சொன்னார். உடனே நீங்க என்ன சொன்னீங்க? ‘உங்க மாடியிலயும் எங்க அக்கா மாடியிலயும் ஆபீஸ் மெஷின் இருக்கு. எங்க தூசி கம்மியோ அங்க குடிபோறோம்’னீங்க. பெத்தவளுக்கும் நாத்தனாருக்கும் பரீட்சை வச்சா, பெத்தவ பிட்டு அடிக்கமாட்டாளா?

— டீச்சரே பிட்டா!

— சிரிக்காதீங்க. அவளுக்கு மூச்சு இழுக்குறப்போ முதுகைத் தடவிவிட நான் பக்கத்துல இல்லையேன்னு அடிச்சுக்குது எனக்கு.

— புரியுது. ஆனா இந்தப் பொய்க் கணக்கை நம்பி அவளை மோசமான காத்துல கொண்டுவந்து விட்டிருந்தா?

— ஐயோ... அதை நான் யோசிக்கவே இல்லையே. சத்தியமா யோசிக்கல மாப்பிள்ளை. வேண்டாம், உங்க அக்கா வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. அவ நல்லா மூச்சு விட்டா போதும். நான் பஸ் ஏறி வந்து பாத்துக்குறேன்.

— கொஞ்சம் பொறுங்க. அக்கா மாடியில தூசி அளவு நாப்பது. உங்க மாடியில மூணு. ஊருக்குள்ள எங்கயும் மூணு வராது. எனக்கு ரெண்டாவது வாரமே சந்தேகம். பேசாம உங்க எதிர்வீட்டு மாடியில இன்னொரு மெஷின் வச்சேன்.

— அடக்கடவுளே! அந்தப் பொட்டி உங்களோடதா? புதுசா தண்ணி மோட்டார் போட்டிருக்காங்கன்னு நினைச்சேனே!

— உங்க மூணைத் தூக்கிப் போட்டாச்சு. இந்தத் தெருவுக்கு இனிமே அந்தக் கணக்குதான். காலையிலதான் எடை போட்டேன்.

— எவ்வளவு? அம்பதா, அறுபதா? பட்டுன்னு சொல்லிடுங்க.

— பதினெட்டு. உறையே மாட்டாம நீங்க ஜெயிச்சிருப்பீங்க, அத்தை.