இங்கிலாந்து வயலில் கிடைத்த மோதிரம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அடுத்தவர் கதைக்குள் தலையைப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் காதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் போக முடியுமா?

நாங்கள் அகதியாய் வந்து குடியேறிய ரெக்ஸ்டேலில், பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் எங்கள் ஆட்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவர் இங்கிலாந்துக்குப் போய், மண்ணுக்குள் கிடக்கும் பழைய பொருளைக் காட்டிக்கொடுக்கும் மெசினோடு, வயல்காரரைக் கேட்டுத் தேடினாராம்.

"பொன் மோதிரம் ஒண்டு வந்தது. திரும்ப மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டு வந்திட்டன்."

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? உதுக்கோ பிளேன் ஏறிப் போனனீங்கள்?"

"மோதிரத்தைத் தாட்டவள் தேடி வந்தால்?"

"அவள் செத்து எலும்பும் உக்கியிருக்கும்!"

"தெரியுமடாப்பா. ஆமிச் சண்டைக்குள்ளை வீட்டை விட்டு ஓடேக்கை என்ரை மனிசி தன்ரை கையிலை கிடந்த காப்புச்சோடியைத் தாட்டுப்போட்டு வந்தவள். இண்டைக்கும் அது அங்கை கிடக்குது எண்டுதான் இருக்கிறாள். நான் உந்த மோதிரத்தை எடுத்தால், எங்கடை காப்பையும் ஆரோ எடுத்திட்டினம் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி."

இளையவர் அவர் பக்கம் சரிந்தார்.

"எவடத்திலை தாட்டவ?"

மூத்தவர் குனிந்து ஊரையும், வீட்டையும், கிணற்றின் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னார். "ஆருக்கும் சொல்லிப்போடாதை" என்றார்.

எனக்கு எல்லாம் கேட்டது. ஊரை மட்டும் இங்கே எழுதவில்லை.

இஞ்சை வா பிள்ளை, அம்மம்மா எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. மறதியிலை ஊர்ப்பேர் எங்கையும் வந்திட்டுதோ பாப்பம்.