பார்த்தாச்சும்மா, ஒன்றும் இல்லை

உட்காரம்மா. காபியில் சர்க்கரை இருக்காது, முகம் சுளிக்காமல் குடி. அனு நடக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த வீட்டில் சர்க்கரை வாங்குவதை நிறுத்திவிட்டோம். அவள் போன பிறகும் யாருக்கும் வாங்கத் தோன்றவில்லை.

என் மனைவி ஜெயபாரதி கோடம்பாக்கத்தில் அவள் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். சின்னவள் பிரியா காலேஜுக்குப் போயிருக்கிறாள். அவர்கள் இருந்திருந்தால் உன்னை வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டார்கள், ஆஃப்ரீன். அவர்களைக் குறை சொல்லாதே. அனு உன்னோடு ஓடப் போனாள், உன்னோடு ஓடும்போது விழுந்தாள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போனில் அழுதுகொண்டே கேட்டாய், “நான்தான் அவளைக் கொன்னுட்டேனா அங்கிள்?” என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் வரச் சொன்னேன். நீ கொல்லவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நான் துணிக்கடைக்காரன். உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் பெண்களுக்கான ரெடிமேட் கடை, சாத்தான்குளத்திலிருந்து வந்து என் அப்பா போட்டது. ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சைஸ் என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும். டேப் எடுக்கிற வேலையே இல்லை. பெற்ற மகளைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? முடியவில்லை. அனு பள்ளிக்கூடத்திலேயே குண்டு. காலேஜ் முடிக்கும்போது கடையிலேயே பெரிய சைஸ்தான் அவளுக்குச் சரியாக இருந்தது. சைஸைப் பார்த்தால் குழந்தை வாடிவிடுவாளே என்று, வீட்டுக்குக் கொண்டுவருமுன் கழுத்துப் பட்டையில் இருக்கிற லேபிளை நானே பிளேடால் பிரித்தெடுத்துவிட்டு, சின்ன சைஸ் லேபிளை வைத்துத் தைத்துவிடுவேன். “அப்பா, எனக்கு எல் சரியா இருக்குப்பா” என்று சந்தோஷமாக வந்து நிற்பாள். அதைப் பார்க்கிற ஆசைக்காகவே செய்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் இந்த வித்தை செல்லவில்லை. ஒரு வீட்டார் பஜ்ஜியும் கேசரியும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, போகிற வழியிலேயே தரகருக்குப் போன் போட்டு ‘பொண்ணு கொஞ்சம் கனம்’ என்றார்கள். அந்த அம்மாள் என் கடையில் மூன்று எக்ஸ் போட்ட சுடிதார் வாங்குகிறவர். அதுவும் இறுக்கிப் பிடிக்கும். சிரிப்பு வருகிறது, என்ன செய்ய. அன்றைக்கு அனு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பெண்ணைப் பெற்றவன் படுகிற பாடு உன் அத்தாவுக்கும் தெரிந்திருக்கும்.

நடக்கலாம் என்று சொன்னது நான்தான். நடேசன் பூங்காவுக்கு விடியலில் அப்பாவும் மகளுமாகப் போவோம். எனக்கும் தொந்தி இருந்தது, அதைச் சாக்காக வைத்துத்தான் கூட்டிப்போனேன். அங்கே நடக்கிற பெருசுகள் ஆளுக்கொரு யோசனை சொல்லும். எட்டுப் போட்டு நட என்பார் ஒருவர், பின்பக்கமாக நட என்பார் இன்னொருவர். வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்கிற அம்மா, “இன்னா நைனா, பொண்ணு எளச்சிக்கினே வருது, நீ ஊதிக்கினே போற” என்று என்னைக் கிண்டல் செய்யும். அனு விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சில மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தவை.

பிறகுதான் அவள் உன் ஓட்டக் குழுவில் சேர்ந்தாள். நடந்தவள் ஓடினாள். திருவான்மியூர் கடற்கரையிலிருந்து வியர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிவந்து வீட்டுக்கு வருவாள். ஆஃப்ரீன் அப்படிச் சொன்னாள், ஆஃப்ரீன் இப்படிச் சொன்னாள் என்று வாய் ஓயாது. கண்ணாடிப் பக்கம் போகாத பெண் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினாள். அதற்காக நான் உனக்கு என்றைக்கும் கடமைப்பட்டவன். லேபிள் மாற்றுகிற வேலையும் எனக்குக் குறைந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீஹரி வரன் வந்தது. நகைக்கடைக் குடும்பம், எங்கள் பக்கத்து ஆட்கள், பையன் தங்கமானவன். அவன் அம்மா அனுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் இறங்கிட்டா முகூர்த்தப் பட்டு எடுப்பா இருக்கும், இல்லையா மயினி?” என்று ஜெயபாரதியிடம் சொன்னார். குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

ஆவணியில் ஒரு நாள் ஓடிவிட்டு வந்தவள் மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். உனக்கு அது தெரியாது. நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். தெரிந்தவர் சொன்ன ஒரு இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார். அனு உள்ளே துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

“இதயத்தோட சுவர் தடிச்சிருக்கு சார். மருந்து இருக்கு, நல்லா வாழலாம். ஆனா ஓடவே கூடாது. இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கணும். இது குடும்பத்துல வர்றது, கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க.” பிறகு, “நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“நானே பக்குவமா சொல்லிக்கிறேன் டாக்டர்” என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நிஜமாகவே பக்குவமாகச் சொல்லத்தான் நினைத்தேன். அனு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். “என்னப்பா சொன்னாரு?” என்றாள். “ஒன்னுமில்லம்மா, வேகமா இளைச்சதுல உடம்பு அசந்திருக்காம், இளநி குடிக்கச் சொன்னாரு” என்று என் வாய் சொல்லிவிட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அதை எப்படித் திருப்பி எடுப்பது?

எங்கள் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாதம்மா. தி.நகரில் ஒரு கடையில் தும்மினால் புரசைவாக்கத்தில் கேட்கும். அந்த டாக்டரிடம் டோக்கன் போடுகிற பெண்ணே எங்கள் சங்கத்துக்காரர் மகள். இதயத்தில் கோளாறு என்ற வார்த்தை வெளியே வந்தால் அனு கல்யாணம் நிற்கும். குடும்பத்தில் வருகிறது என்ற வார்த்தையும் சேர்ந்தால் பிரியாவையும் ஒருவன் கட்ட மாட்டான். இரண்டு பெண்களைக் காலமெல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு அப்போது இருந்தது பயம், வேறு ஒன்றுமில்லை. கல்யாணம் முடியட்டும், ஸ்ரீஹரியிடம் நானே சொல்லி, நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்து வைத்தியம் செய்யலாம் என்று திட்டம் போட்டேன். தைக்கு அதிக நாள் இல்லை. டாக்டர் போன் செய்தார், எடுக்கவில்லை. மறுபடி செய்தார், அப்போதும் எடுக்கவில்லை.

ஓட்டத்தை நிறுத்தத்தான் பார்த்தேன், நம்பு. மழையைக் காரணம் சொன்னேன், பேப்பரில் காய்ச்சல் என்று போட்டிருக்கிறது என்றேன். அவளும் கேட்டாள். வீட்டோடு இருந்தாள். இருந்த உடனே உடம்பு ஏறத் தொடங்கியது. என் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஜாக்கெட் அளவு கொடுக்கப் போனவள் தையற்கடையிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அவள் அழுவதை மட்டும் என்னால் எப்போதுமே தாங்க முடிந்ததில்லை. “சரி, ஓடிட்டு வா, மெதுவா ஓடு” என்றேன். டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். உடம்பு இளைக்க இளைக்க இதயச் சுவரும் இளைத்துவிடும் என்றுகூட எனக்கு ஒரு எண்ணம். பூங்காவில் நடக்கிற ஒருவர் அப்படித்தான் சொன்னார். அவர் பாங்க் மேனேஜராக இருந்தவர்.

அதற்குப் பிறகு நீ போன் செய்தாய். ஞாபகம் இருக்கிறதா? “அங்கிள், அனுவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது, ஒரு தடவ ஹார்ட் செக் பண்ணிடலாமா? அவள கேட்டா எங்கப்பா பாத்துட்டாருன்னு சொல்றா” என்றாய். நான் கடையில் இருந்தேன். தீபாவளிக் கூட்டம். “பார்த்தாச்சும்மா, ஒன்னும் இல்ல” என்றேன். நீ நன்றி சொல்லி வைத்தாய். பெரியவர்கள் சொன்னால் நம்புகிற பெண் நீ. உன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஓட்டப் போட்டி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் நடந்ததை ஜெயபாரதியிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அனு ஷூவை மாட்டிக்கொண்டு இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “அப்பா, ஒரு மாதிரி அடைக்குது. இன்னிக்கு போகலைன்னா பரவால்லயா?” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்குத் தெரிந்ததம்மா. தெரியவில்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பட்டு எடுக்க வருவதாக இருந்தார்கள். “பேர் குடுத்துட்டு போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு நாள் விட்டா மறுபடி ஏறிடும்மா. போயிட்டு வா, வந்து படுத்துக்கோ” என்றேன். அவள் எழுந்துகொண்டாள். நான் சொன்னதை அவள் என்றைக்குத் தட்டினாள்?

நானேதான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். முடிகிற இடத்தில் இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். நீ வந்தாய், திரும்பிப் பார்த்தாய், வந்த வழியே திரும்ப ஓடினாய். அவள் நெஞ்சை நீ அழுத்திக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். கை ஓயும்வரை அழுத்தினாய். உன்னைப் போல ஒரு சிநேகிதி என் மகளுக்கு வாய்த்தாளே என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். போஸ்ட்மார்ட்டம், அது இது என்று தோண்ட வேண்டாம் என்று கையைக் கூப்பிக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் ஏன், எப்படி என்று கேட்டார்களே, ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் கொடுக்காமல் ஓடவிட்டார்கள் என்று என் மச்சினன் ஆரம்பித்தான். நான் தலையை ஆட்டினேன். அவனே ஸ்டேஷனில் மனு கொடுத்தான், நான் கையெழுத்துப் போட்டேன். உன்னை அங்கே கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உங்கள் குழுவும் கலைந்துவிட்டதாமே.

டாக்டரும் விஷயம் தெரிந்து போன் செய்தார். இந்தத் தடவை எடுத்தேன். “நான் சொன்னேன் டாக்டர், பிள்ள கேக்கல” என்றேன். செத்துப்போனவளுக்கு இதில் என்ன வந்துவிடப் போகிறது? அவள் இருந்தால் அப்பாவுக்காக இதை ஒத்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே நீ நிம்மதியாகத் தூங்கம்மா. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஓடக் கூடாது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. மனுவை மட்டும் இப்போது திரும்பப் பெற முடியாது. பெற்றால் ஏன் என்று கேட்பார்கள். தை கழியட்டும், நானே போய் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் இதை நீ வெளியில் சொன்னால் நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லும்போது வருத்தமாக இருக்கும்.

ஏன் தை என்று பார்க்கிறாயா? பதினாறு முடிந்ததும் ஸ்ரீஹரி அம்மா வந்திருந்தார். ஜெயபாரதியைக் கட்டிக்கொண்டு அழுதார். குறித்த முகூர்த்தத்தை விட வேண்டாம், சின்னவளையே கொடுங்கள் என்றார். நல்ல மனசம்மா அவர்களுக்கு. எங்களில் இது வழக்கம்தான். பிரியா ஒல்லி, பிறந்ததிலிருந்தே ஒல்லி. அவளை ஓடச் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

டெஸ்டா? எதற்கு? டாக்டர் வாசலில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் நாலு பேர் பார்க்க மாட்டார்களா? துணிக்கடைக்காரன் கண் இது, பார்த்தாலே தெரியும். பிரியா நன்றாகத்தான் இருக்கிறாள். மாடிப்படி ஏறி வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறாள், அக்கா போன துக்கம் இருக்காதா? கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்.