ஜாமீன் கையெழுத்து

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாமுங்க மேடம். நானே சொல்லிப்போடறேன், வாக்குமூலம்னு எழுதிக்குங்க.

எம் பேரு திருமலைசாமி. கருமத்தம்பட்டியில ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். தறி ஓட்டற வேலுமணியோட புள்ள பொற்கொடி எங்கிட்டப் படிச்சவ. கெட்டிக்காரி. ஜெர்மனியில மேல்படிப்புக்கு எடம் கெடச்சு, மொத்தச் செலவுக்கும் அரசாங்க உதவித்தொகைன்னு ஆர்டரும் வந்துருச்சு. ஜாமீன் பத்திரத்துல ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. "உங்களைத் தவிர ஆரைப் போயிக் கேப்பேனுங்க சார்?"ன்னா. சந்தோசமாத்தானுங்க போட்டுக் குடுத்தேன்.

என் பையன் சசிதர் அயர்லாந்துல படிப்பை முடிக்காம திரும்பி வந்தவன். ரெண்டு வருசமா ரூமை விட்டு வெளிய வரமாட்டான். கையெழுத்து வாங்க ஊட்டுக்கு வந்த அன்னைக்கு அந்தப் புள்ள, "ஏனுங்கண்ணா, அந்தக் குளுருக்கு என்னத்தைப் போடறது?"ன்னு கேட்டா. இவன் சிரிச்சான். மறுநா வண்டியில காந்திபுரம் கூட்டிப் போயிக் கோட்டு வாங்கிக் குடுத்திருக்கான். அப்புறம் தெனமும் போன். "நானும் ஜெர்மனியில படிக்கலாம்னு பாக்கறேனுங்கப்பா"ன்னான்.

அவங்க எந்தத் தெருன்னு உங்களுக்கே தெரியும். நான் அதெல்லாம் பாக்கறவன் கிடையாதுங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரையும் ஒரே பெஞ்சுலதான் உக்கார வெச்சேன். ஊடு வேற இல்லீங்களா?

திங்கக்கெழம உதவித்தொகை ஆபீசுக்குப் போயி, "பத்திரத்துல இருக்கறது என் கையெழுத்து இல்லை"ன்னு எழுதிக் குடுத்தேன். ஆரையும் திட்டலை. உதவித்தொகையை நிறுத்துவாங்க, அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். அவங்க போலீசுக்கு அனுப்பிட்டாங்க.

ஸ்டேசன்ல வேலுமணி, "புள்ளைய விட்டுருங்க, நாந்தான் சார் மாதிரி போட்டேன்"னு சொல்லிப்போட்டான். இன்ஸ்பெக்டர் எங்கிட்டத் திரும்பி, "கையெழுத்து இங்கிலீசுல இருக்குதே, இவனுக்கு அதுல எழுத வருங்களா?"ன்னாரு. மூணாங்கிளாசு வரைக்கும் அவனுக்கு நாந்தானுங்க வாத்தியார். தமிழ்லயே தன் பேரைத் தப்பில்லாம எழுதமாட்டான்.

"வரும்"னேன்.

வேலுமணி என்னை ஏறிட்டுப் பாத்தான். "ஆமாங்க, சார்தான் சொல்லிக் குடுத்தாரு"ன்னான்.

நாப்பது நாள் உள்ள இருந்தான். அதுக்குள்ள அந்தப் புள்ள போக வேண்டிய தேதி போயிருச்சு. இப்ப பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்குது. ஒண்ணும் கெட்டுப் போகலை.

சசிதரும் அப்பவே ஸ்டேசனுக்குப் போனானுங்க. "அப்பா போட்டதை என் கண்ணால பாத்தேன்"னு சொன்னான். பையனுக்கு மனநிலை செரியில்லை, மாத்திரையில இருக்கான்னு நான் சொன்னேன். நம்புனாங்க. மாத்திரையெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க.

இப்ப நிபுணர் ரிப்போர்ட்டு வந்துருச்சுன்னீங்க. ஆமா, என் கையெழுத்துத்தான். வேணும்னா அதையே இங்க ஒருக்கா போட்டுக் காட்டறேன்.

சசிதர் இப்ப பீளமேட்டுல எங்கியோ ரூம் எடுத்து இருக்கான். என் போனை எடுக்கறதில்லை. நான் ஆருக்காகச் செஞ்சேன்னு அவனுக்குத் தெரியாமயா இருக்கும்? பல்லடத்துல நல்ல எடமா ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேனுங்க. அவன் ஊட்டுக்கு வந்தவொடனே பேசி முடிச்சுப்போட வேண்டியதுதான்.