நீதவானின் கட்டில்

கடலோர வீட்டில் கதவுக்கு இரும்புப் பிணைச்சல் போடக் கூடாது. உப்புக்காற்று ஒரு மாரிக்குள் தின்றுவிடும். பித்தளைதான் போட வேண்டும். கதவைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே இருக்கும் அந்த மாளிகை, வெள்ளைக்கார நீதவான் ஒருவர் கோடையைக் கழிக்கக் கட்டியது. அதைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கினார்கள். உள்ளே எதை எங்கே வைப்பது என்பது என் பொறுப்பு. ஆதாரமாக இருந்தது ஒரே ஒரு பழைய புகைப்படம். மற்றதை ஊகித்தேன். எல்லாரும் செய்வதுதான்.

கந்தப்பு அண்ணை அங்கே முப்பது வருடக் காவலாளி. பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சுவரைத் தடவிக்கொண்டே வீடு முழுக்க நடப்பார். நல்ல மனிதர்.

திறப்புக்கு முன் ஆசிரியர்கள் சிலரை அழைத்துக் காட்டினோம். ‘நீதவானின் கட்டில்’ என்று நான் எழுதி வைத்திருந்த கட்டிலைக் கந்தப்பு அண்ணை தடவிப் பார்த்தார்.

“தம்பி, உது புத்தூர்ப் பரியாரியார் வீட்டுக் கட்டிலெல்லோ? நான்தானே லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியிலை ஏத்திக்கொண்டு வந்தனான். துரை எப்ப புத்தூரிலை படுத்தவர்?”

எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் சாய்த்து வைத்திருந்த ‘நீதவானின் கைத்தடி’யையும் தொட்டார்.

“பொல்லு மட்டும் துரையின்ரையோ? அது எங்கடை அப்பற்றை.”

நானும் சிரித்தேன்.

திறப்பு விழா இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். அவர்கள் முன்னாலும் அண்ணை இதையே சொல்வார். ஒரு வருட வேலை சிரிப்பாய்ப் போய்விடும். அன்று வர வேண்டாம் என்றேன். “முப்பது வரியம் காத்த வீடு. திறக்கிற நாளிலை நான் இல்லாமலோ?” என்றார். நியாயமான பேச்சுத்தான்.

பிறகு மானிப்பாயில் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் நின்றார். அந்த நாட்களில் மேல்மாடி விறாந்தையின் கடைசிச் சுவரை உடைத்தோம். புகைப்படத்தில் அங்கே ஒரு கதவு. அதிலிருந்து கடலுக்கு மரப்படி இறங்கியது. படி எப்போதோ உளுத்து விழுந்தபின் கதவைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். நாங்கள் அதைத் திறந்து புதுக்கதவு போட்டோம். படிக்கு மரம் இன்னும் வரவில்லை. கீழே முருகைக்கல் பாறை.

என் உதவியாளர் தர்சினி குறுக்கே பலகை அடித்தாள்.

“கந்தப்பு அண்ணை நாளைக்கு வாறார், சேர். அவருக்கு உது தெரியாது. பலகையைக் கழட்டிப் போடாதேங்கோ.”

ஓம் என்றேன்.

வியாழன் காலை பலகையைக் கழற்றிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். புகைப்படத்தில் பலகை இல்லை. திரும்ப அடிக்க நான் மறந்துவிட்டதாக உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். நான் எதையும் மறப்பவன் அல்ல.

அவர் என்னைத் தேடி மேலே வந்தார். விறாந்தையின் முடிவுக்குச் சற்று முன்னால் நின்றார். நான் பக்கத்து அறை வாசலில் இருந்தேன்.

“தம்பி, முகத்திலை காத்தடிக்குது. முன்னாலை சுவரெல்லோ?”

“சுவர்தான் அண்ணை. காத்து யன்னலாலை வருது. பூச்சு இன்னும் காயேல்லை, கை வையாதேங்கோ. என்ரை பக்கம் திரும்பிறதுக்கு இன்னும் ரெண்டடி இருக்கு.”

பூச்சில் கை பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு நடந்தார்.

நான் அவரைத் தொடவில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை. அந்த வீட்டில் நான் சொன்ன ஒன்றை அவர் நம்பியது அதுதான் முதல் தடவை.