கேள்வி எண் நாற்பத்தொன்றும் ஒரு பூட்டும்

பெயர் அல்லாபிச்சை, வயது 43, தகப்பனார் பெயர் மீராசா, இருப்பு கோவில்பட்டி, தொழில் பலசரக்குக் கடை. சட்டசபை உறுப்பினருக்குப் பொய்த் தந்தி போன வழக்கில் என்னைக் கேட்டதற்கு நான் சொல்வதாவது:

சென்ற வருஷம் ஐப்பசியில் ஊருக்கு வெளியே உள்ள தீப்பெட்டி ஆலையில் தீப்பிடித்து நான்கு பெண்கள் இறந்தார்கள். அதில் ஒருத்தி என் தங்கை பாத்திமுத்து. வேலை நேரத்தில் ஆள் வெளியே போகாமலிருக்கக் கதவை வெளிப்புறம் பூட்டி, மேனேஜர் சங்கரபாண்டியன் சாவியை மடியில் வைத்துக்கொள்வது அந்த ஆலையின் வழக்கம். மறுநாள் நான் தனியே சாம்பலைக் கிளறியபோது, பூட்டியபடியே ஒரு பூட்டு கிடைத்தது. அதைத் துண்டில் முடிந்து எடுத்து வந்தேன். போலீசில் கொடுத்தால் மறுபடி கண்ணில் படுமா என்ற சந்தேகத்தால் கொடுக்கவில்லை.

அதன் பின்பு எங்கள் சட்டசபை உறுப்பினர் மாயகிருஷ்ணனிடம் தனியாகப் பூட்டைக் காட்டினேன். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், மந்திரி பதில் சொன்னதும் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம், பூட்டு விஷயத்தை அப்போதுதான் எடுப்பேன், அதுவரை மூச்சு விடக்கூடாது என்றார். நானும் விடவில்லை. "கதவு பூட்டியிருந்ததா" என்பது மட்டும் எழுதிய கேள்வி கோட்டையிலிருந்து கலெக்டருக்கும், அங்கிருந்து தாலுகாவுக்கும் வந்து, கடைசியில் பதில் கேட்டு அதே மேனேஜரிடம் போனது. அவர் சொன்னதுதான் மேலே ஏறி மந்திரியின் பதிலானது. சபையில் கேள்வி வரும் தேதியும் அப்படியே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1960 மார்ச் 16 புதன்கிழமை கேள்வி வருவதைப் பார்க்க உறுப்பினர் எனக்கு அனுமதிச் சீட்டு தபாலில் அனுப்பினார். நான் திங்களே ரயிலேறி, செவ்வாய் முழுவதும் திருவல்லிக்கேணியில் மச்சான் ஹுமாயூன் வீட்டில் இருந்தேன். முன்னதாக வந்ததை உறுப்பினருக்குத் தெரிவிக்கவில்லை. அது என் தப்பு. செவ்வாய் பகல் பதினொரு மணிக்கு மணியாச்சி ரயில் ஸ்டேஷனில், உறுப்பினரின் தாயார் கவலைக்கிடம் என்று என் பெயரில் யாரோ அவருக்குத் தந்தி கொடுத்திருக்கிறார்கள். தாயார் பார்வதியம்மாள் என் கடைக்கு அடுத்த வீடு என்பதால், அவருக்கு ஏதாவது என்றால் நான்தான் தந்தி கொடுப்பதாக ஏற்பாடு. அதை நம்பி உறுப்பினர் அன்று சாயங்கால ரயிலில் சென்னையிலிருந்து ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். தமக்குப் பதிலாகக் கேட்க இன்னொரு உறுப்பினருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமாம். ஏனோ எழுதவில்லை.

புதன் காலை கோட்டையில் பையோடு உள்ளே போகக்கூடாது என்றதால், பூட்டு இருந்த பையை வாசலில் கொடுத்துவிட்டுப் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். கேள்வி எண் நாற்பத்தொன்று என்று சபாநாயகர் உறுப்பினரின் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. பதில் மேஜைமேல் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று சொல்லி அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். கதவு திறந்தே இருந்தது என்பது அந்தப் பதில். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. மாடத்தில் இருப்பவர் வாய் திறக்கக்கூடாது என்பதால் திறக்கவில்லை. வாசலில் பையை வாங்கியபோது துண்டு முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.

அதன் பின்பு ஊர் திரும்பி விசாரித்தேன். மகனைப் பார்த்த பார்வதியம்மாள், "எனக்கென்னலே கேடு? வத்தல்லா காயப் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றாராம். உறுப்பினர் என்னிடம், "போனது போகட்டும் அண்ணாச்சி, அந்தப் பூட்டை எங்கிட்டக் குடுத்திருங்க" என்றார். கொடுக்கவில்லை.

தந்தி நான் கொடுக்கவில்லை. அன்று நான் சென்னையில் இருந்ததற்கு ஹுமாயூன் சாட்சி. இன்று போலீஸ் ஸ்டேஷனில் நான் உட்காருமுன் சப்இன்ஸ்பெக்டர் அய்யா கேட்ட முதல் கேள்வி, "பூட்டு எங்க வச்சிருக்கீரு?" என்பது. தந்தியைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார். பூட்டு என்னிடம் இருப்பது உறுப்பினர் ஒருவருக்குத்தான் தெரியும். அது இருக்கும் இடத்தைச் சொல்ல எனக்குச் சம்மதமில்லை.

இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். உறுப்பினர் பூட்டைக் கேட்டதும், சப்இன்ஸ்பெக்டர் அய்யா முதலில் பூட்டைக் கேட்டதும் அதில் இல்லை. அவ்விரண்டையும் சேர்த்தாலொழியக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். சேர்த்து மறுபடி எழுதிய இந்தப் பிரதியை நானே படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னதே, உண்மையே. இதற்குக் கீழே எதுவும் எழுதாதபடி கோடு இழுத்திருக்கிறேன்.

(ஒப்பம்) மீ. அல்லாபிச்சை