தராசில் குறையில்லை

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் சூடாக இருக்கிறது. விசாரணைக் குழு முன் வாக்குமூலம் என்றதும் இன்று நிற்க வைத்துக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். நீங்கள் மூவரும் பண்பானவர்கள் என்பதால் நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். மாணவர் விடுதிக்குத் துணைக் காப்பாளரும் நான்தான். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தது தவறு என்று அறிக்கையில் எழுதப் போகிறீர்களாம். எனக்கென்னவோ அது ரொம்ப வசதியாக இருந்தது.

அந்த ஆளுமைச் சோதனை என் சொந்தத் தயாரிப்பு. அறுபது கேள்விகள். விருந்துக்குப் போனால் எல்லோரிடமும் போய்ப் பேசுவீர்களா, அந்த வீட்டுப் பூனையோடு உட்கார்ந்திருப்பீர்களா? செருப்பு காணாமல் போனால் தேடுவீர்களா, பக்கத்தில் நிற்பவரைச் சந்தேகப்படுவீர்களா? இப்படிப் போகும். பதில்களைக் கூட்டினால் கிணறு, அருவி, பாறை, காற்று என்ற நான்கு வகைகளில் ஒன்று வரும். கிணறு ஆழமானவர், பேச மாட்டார். அருவி பேச்சை நிறுத்த மாட்டார். காற்று எதிலும் நிலைத்து நிற்க மாட்டார். பாறையை எதுவும் அசைக்காது. பாறை வகையை நான் என்னையே பார்த்துத்தான் எழுதினேன் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. "நான் காற்று சார், அதான் அசைன்மென்ட் முடிக்கல" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். ஒரு பையன் தன் காதலி பாறை என்று தெரிந்ததும் மூன்று நண்பர்களைக் கூட்டி ஆலோசனை நடத்தினான். கடைசியில் பல்கலைக்கழகமே எல்லாக் கல்லூரிகளிலும் இதை வைக்கலாம் என்றது. ஆனால் அதற்கு முன் அதன் நம்பகத்தன்மையை நான் நிரூபிக்க வேண்டும். அதாவது, அதே பிள்ளைகளுக்கு அதே சோதனையைச் சில வாரம் கழித்து வைத்தால் அதே விடை வர வேண்டும். காலையில் நிறுத்த உருளைக்கிழங்கு மூட்டை மாலையில் வேறு எடை காட்டினால், அந்தத் தராசை எந்தக் கடைக்காரரும் வைத்துக்கொள்ள மாட்டார்.

முதல் மறுசோதனையில் பாதிப் பேர் மாறியிருந்தார்கள். கிணறுகள் பொங்கியிருந்தன, அருவிகள் வற்றியிருந்தன. ஆறு வருட உழைப்பு அப்படியே என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"கேள்விகளத் திருத்துங்க சார். முப்பதாவது கேள்வி எனக்கே புரியல" என்றார் எங்கள் துறைத்தலைவி. என் மனைவி இன்னும் சுருக்கமாக முடித்தாள்: "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்." அந்தப் பழமொழியை நான் வெகுநேரம் யோசித்தேன். அந்த மேடை நிஜமாகவே கோணலா என்று யாராவது மட்டம் வைத்துப் பார்த்தார்களா? இல்லை. பாவம், அந்தப் பெண் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என் மனைவிக்கும் இந்தச் சோதனையை மூன்று முறை வைத்திருக்கிறேன். மூன்று முறையும் மூன்று வகை வந்தது. கேட்டால், "ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் உங்க அக்கா வந்திருந்தாங்க" என்றாள். அவளை ஆய்வில் சேர்க்கவில்லை.

எடை மாறினால் தராசுதான் குற்றவாளியா? மூட்டையில் ஓட்டை இருக்கலாம் அல்லவா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? மனிதனின் இயல்பு தானாக மாறாது. மாறுகிறது என்றால் யாரோ அதைக் கெடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றை இங்கே தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். விடைத்தாளில் நான் ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை. எண்ணைத் திருத்துவது மோசடி. நான் பிள்ளைகளைத்தான் திருத்தினேன்.

அதில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவனை விடுதியில் மௌனி என்பார்கள். வருகைப் பதிவில் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் கையைத் தூக்குகிறவன். அப்பழுக்கில்லாத கிணறு. இன்னொருவன் லவுட்ஸ்பீக்கர். பட்டப்பெயரே போதும், விளக்கம் தேவையில்லை. கிணறுகளைக் கிணறுகளோடுதான் போட வேண்டும் என்பது என் ஏற்பாடு. அலுவலகம் தவறுதலாக இந்த இருவரையும் ஒரே அறையில் போட்டுவிட்டது.

விளைவை நீங்களே ஊகிக்கலாம். லவுட்ஸ்பீக்கர் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பேச்சுப் போட்டி அணியில் சேர்த்துவிட்டான். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் மௌனி ஏதோ சொல்ல, மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கிணறு பொங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, லவுட்ஸ்பீக்கர் மாலை நேரங்களில் வாயை மூடிக்கொண்டு அவன் பேசுவதைக் கேட்கத் தொடங்கியிருந்தான். ஒரே அறையில் எனக்கு இரண்டு பேர் நஷ்டம்.

குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி மௌனியை மாடிக் கோடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய தனியறைக்கு மாற்றினேன். அடுத்தது பேச்சுப் போட்டி. இறுதிச் சுற்றுக்கு அவனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது இரண்டாவது மறுசோதனைக்கு முந்தின நாள் நடக்க இருந்தது. பேச்சு ஆசிரியரிடம் போய், "பையனுக்கு விருப்பமில்ல, உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறான்" என்றேன். பையனைக் கூப்பிட்டு, "உன் குரலக் கேட்டு எல்லாரும் சிரிக்கிறாங்களாம், உனக்குப் பதிலா உங்க பேச்சு சார் வேற ஆளப் போடுறாராம்" என்றேன். ஆளுக்கொரு பொய். இதில் நான் பாரபட்சம் காட்டவில்லை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பரவால்ல சார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றான். ஏமாற்றம் வந்தால் காரணம் கேட்பீர்களா, பரவாயில்லை என்பீர்களா என்பது நாற்பத்தோராவது கேள்வி. கிணறுகள் பரவாயில்லை என்பார்கள். காய்ச்சல் இறங்குவதைப் பார்க்கும் மருத்துவரைப் போல எனக்கு நிம்மதியாக இருந்தது.

நண்பன் போனதும் லவுட்ஸ்பீக்கர் சோர்ந்து போனான். அவனைத் தினமும் விடுதி மைக்கில் அறிவிப்பு வாசிக்க வைத்தேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் இரண்டு அருவிகளை அவன் அறையில் போட்டேன். மெல்லத் தேறிவந்தான். மறுசோதனை அன்று காலை, கைப்பேசிகளையெல்லாம் வாங்கி வைத்திருந்த நேரத்தில், அலுவலகத் தொலைபேசியில் அவன் அக்கா கூப்பிட்டார். "சார், அப்பா மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். தம்பி தம்பின்னு கேட்டுட்டே இருக்காரு. அவன உடனே அனுப்பி வைங்க."

"கண்டிப்பாம்மா" என்றேன். சொன்னபடி அனுப்பியும் வைத்தேன். சோதனை முடிந்த பிறகு. துக்கத்தில் இருக்கிற அருவி கிணறு மாதிரி பதில் எழுதும். அது அளவீட்டுப் பிழை, அதை எந்தப் பாடநூலும் ஒத்துக்கொள்ளும். பையன் சிரித்த முகமாக உட்கார்ந்து அறுபது கேள்விக்கும் அருவியாகவே எழுதினான். அப்பா பிழைத்துக்கொண்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். இவன் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு குழறிப்போயிருந்ததாம். காலையில் நன்றாகப் பேசினாராம்.

மற்றவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கால அட்டவணை போட்டுப் படிக்கத் தொடங்கிய ஒரு காற்றின் கடிகாரத்தைப் பழுது பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இப்படிச் சின்னச் சின்ன உதவிகள்.

முடிவு வந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் மாறவில்லை. அதுதான் உங்களுக்கு உறுத்தியது. உலகத்தில் எந்தச் சோதனைக்கும் இப்படி வந்ததில்லை என்றீர்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். "ஒரே பதில் வந்தா போதுமா சார், அது சரியான பதிலா இருக்க வேண்டாமா? இந்தத் தூணக் கேட்டாக்கூட தினம் ஒரே பதில்தான் சொல்லும்" என்று கண்ணாடி போட்ட அம்மா, நீங்கள் கேட்டீர்கள். ஏற்புடைமை பற்றிய கேள்வி, நல்ல கேள்வி. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது. அதற்கு என் பதில் மௌனிதான். அவன் அம்மா எழுதிய புகாரை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். "பேச ஆரம்பிச்சிருந்த புள்ள. இப்ப போன்ல 'ம்'னுகூட சொல்ல மாட்டேங்கிறான்." கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போதே மாடிக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள். கிணறு என்று என் சோதனை சொன்னது. கிணறாகவே இருக்கிறான்.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு ஒன்று. நேற்று நீங்கள் என்னிடமே அந்த அறுபது கேள்விகளையும் நீட்டினீர்கள். நான் உண்மையாகத்தான் எழுதினேன். காற்று என்று வந்தது. "உங்க அறைய நாங்க யாரும் மாத்தலையே சார்" என்று கண்ணாடி அம்மா, நீங்கள்தான் மெதுவாகக் கேட்டீர்கள். நான்கு முறை கூட்டிப் பார்த்தேன், கூட்டலில் பிழையில்லை. நான் பாறை. இத்தனைக்கும் நடுவே துளியும் அசையாமல் இருந்தவன் என்பதை இவ்வளவு நேரம் கேட்ட நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஆகவே என் வாக்குமூலத்தில் கடைசியாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளில் ஏதோ கோளாறு இருக்கிறது. பிள்ளைகளுக்கு வைப்பதற்கு முன் யாராவது ஒருமுறை சரிபார்த்திருக்கலாம்.